தெருவே ஸ்டேசனுக்குப் போன நாள்

கட்டுகஸ்தோட்டையில், மகாவலியை ஒட்டினாற்போல் கிடக்கும் எங்கள் பழைய தெருவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. என் கணவருக்கு இது நன்றாகத் தெரியும். வத்தேகமவிலிருந்து கண்டிக்குப் போகும்போதெல்லாம், பஸ் பாலத்தை நெருங்கியதும் அவர் தலையைச் சாய்த்துத் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்வார். மூடிக்கொள்ளட்டும். காது திறந்துதானே இருக்கிறது.

பெருமைப்படாமல் எப்படி இருப்பது? கண்டி மார்க்கட்டுக்கு அங்கிருந்து பஸ் ஏறினால், இடம் பிடித்து உட்கார்ந்து முகம் துடைப்பதற்குள் இறங்க வேண்டியிருக்கும். அவ்வளவு கிட்டத்தில் நகரத்தை வைத்துக்கொண்டு, நகரத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் அந்தத் தெரு தன்பாட்டில் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும். பாலம் போடுவதற்கு முன்னால் தோணி கட்டிய துறை எங்கள் தெரு முனையில்தான் இருந்தது. தண்ணீருக்குள் இறங்கும் கருங்கல் படிகளும், தோணியைக் கட்டிய பெரிய இரும்பு வளையமும் அப்படியே இருந்தன. கோப்பிக் காலத்தில் மூட்டை அடுக்கக் கட்டிய களஞ்சியங்களைத் தடுத்துத்தான் எங்கள் வீடுகளை உண்டாக்கியிருந்தார்கள். முழங்கை நீளத் தடிப்பில் சுவர், எட்டாத உயரத்தில் யன்னல். மார்கழியில்கூட உள்ளே கோப்பி வாசனை வருகிறது என்று நான் பள்ளிக்கூடத்தில் சொல்வேன். வந்ததோ இல்லையோ, சொல்வதற்கு நன்றாயிருந்தது.

எங்கள் தெருக்காரர்களுக்கு எல்லாமே ராசா காலத்துச் சாமான்தான். படிக்கட்டு ராசா காலத்தது, கிணறு ராசா காலத்தது. எங்கள் வீட்டுக்குச் சொந்தக்காரர் தெரு முனையில் பலசரக்குக் கடை வைத்திருந்த முஸ்லிம் மனிதர். எல்லோரும் அவரை நானா என்று கூப்பிடுவோம். கக்கூஸ் கதவு கழன்றுவிட்டது, மாற்றித் தாருங்கள் என்று அப்பா கேட்கப்போனபோது, "அது ராசா காலத்துப் பலகை தம்பி, அப்பிடி லேசுல உளுத்துப் போகாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அப்பா அந்தக் கதவைக் கயிற்றால் கட்டிவைத்தார்.

நாங்கள் அந்தத் தெருவுக்கு வந்தது எனக்கு எட்டு வயதில். அதற்கு முன்னால் தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடு. அப்பாவுக்குக் கண்டியில் ஒரு புடவைக் கடையில் வேலை கிடைத்ததும் வீடு தேடினோம். தரகர் இரண்டு வீடு காட்டினார். ஒன்று மேட்டு ரோட்டில், மலைச்சரிவை முதுகுக்கு வைத்துக் கட்டியது. குழாய்த் தண்ணீர், சிமெந்துத் தரை, முன்னால் கொய்யா மரம். மற்றது இது. ஈரத்தில் பொருமிய சுவர், கழலப் பார்க்கும் கதவு. அம்மா முதல் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. வாசலில் நின்று வீட்டை விட்டுவிட்டு, வீட்டுக்குப் பின்னால் இருந்த மண்ணைப் பார்த்தாள். பிறகு, "ஆத்தோர வீட்டையே எடுத்துக்குவோம்ங்க" என்றாள். எனக்குக் கொய்யா மரம் போன கவலை. அப்பா மட்டும் மறுபேச்சுப் பேசவில்லை. நாலு பேர் முன்னால், "மலையில பொறந்தவளுக்கு மலைன்னாலே ஆகாது" என்று கேலி செய்வார். தனியாக இருக்கும்போது அந்தக் கேலியை அவர் செய்து நான் கேட்டதில்லை.

அம்மாவிடம் வேறு சில பழக்கங்களும் இருந்தன. படுக்கும்போது தலையை எப்போதும் வாசல் பக்கம் வைப்பாள், எங்களையும் அப்படியே வைப்பாள். மழை விடாமல் பெய்தால், அடுப்பில் இருப்பதை இறக்கிவைத்துவிட்டு வெளியே வந்து நிற்பாள். மற்றப் பெண்கள் மழைக்கு வெளியே வந்தால் ஆற்றைப் பார்ப்பார்கள். அம்மா ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெருவுக்குப் பின்னாலிருந்த மலையைப் பார்ப்பாள். ஒவ்வொரு அம்மாவுக்கும் ஒரு கிறுக்கு இருக்கும் என்று நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்குக் காது குத்தியபோது மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமா இல்லை. அப்பாவின் கூட்டாளி ஒருவரை அன்றைக்கு மட்டும் மாமாவாக்கி உட்கார வைத்தார்கள். அம்மா வழியில் எங்களுக்கு யாருமே இல்லை. சில பேருக்கு ஆடு மாடு இல்லை, சில பேருக்குத் தொலைக்காட்சி இல்லை, எங்களுக்கு அம்மா வழி இல்லை. அவ்வளவுதான் என்று இருந்தேன்.

தெருவுக்கு மேலே, அந்த மலைச்சரிவில், படியேறிப் போனால் ஒரு வளவு இருந்தது. ஓடு வேய்ந்து, மரத்தூண் நிறுத்திய பெரிய சிங்களப் பிரபு வீடு. அதில் கணவனை இழந்த ஒரு அம்மையார் தனியாக இருந்தார். வளவு நோனா என்போம். அந்த வீட்டு நடுக்கூடத்தில் பாடம் பண்ணிய சிறுத்தை ஒன்று பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது என்று நானாவின் மகள்கள் சொல்லியிருந்தார்கள். கண்ணாடிக் கண்ணாம். எந்தப் பக்கம் போனாலும் நம்மையே பார்க்குமாம். சாதாரண நாளில் வளவுக்குள் யாரும் போக முடியாது. வெள்ளம் வந்தால் போகலாம்.

அது தெருவின் சட்டம். மழைக்காலத்தில் நானா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு துறைப்படியில் இறங்கி இரும்பு வளையத்தைப் பார்ப்பார். தண்ணீர் வளையத்தைத் தொட்டால் அரிசி மூட்டைகளைப் பரணுக்கு ஏற்றுவார்கள். வளையம் மூழ்கிவிட்டால் தெருவே கிளம்பி வளவுக்கு ஏறும். நோனா பெரிய கேத்தலில் தேத்தண்ணி ஊற்றுவார், ஈரப்பலாக்காய் அவித்துத் தேங்காய்ப்பூவோடு தருவார். தண்ணீர் வடியும்வரை கூடம் முழுக்கப் பாய் விரித்துக் கிடக்கலாம். இதையெல்லாம் எங்கள் தெருப் பிள்ளைகள் திருவிழாக் கதை மாதிரிச் சொல்வார்கள். நானா கடைச் சுவரில், முன்பு வந்த பெரிய வெள்ளம் எந்த உயரத்துக்கு வந்தது என்று தாரால் ஒரு கோடு இழுத்திருந்தது. நாங்கள் அதில் முதுகை ஒட்டி நின்று உயரம் பார்ப்போம். நானாவின் மூத்த மகள் வெள்ளத்தைவிட உயரம். நான் கண்வரை மூழ்கிவிடுவேன். ஆனாலும் வெள்ளம் வரவேண்டும் என்று அந்த வருடம் முழுவதும் பிள்ளையாரைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சிறுத்தைக்காகத்தான்.

பிள்ளையார் அடுத்த ஐப்பசியில் கேட்டுக்கொண்டார்.

மழை இரண்டு மூன்று நாளாகவே விட்டபாடில்லை. அன்று பள்ளிக்கூடத்தை மதியத்தோடு விட்டுவிட்டார்கள். வரும்போதே பார்த்தேன், ஆறு பால் ஊற்றிய தேத்தண்ணி நிறத்தில் மரக்கிளைகளை உருட்டிக்கொண்டு போனது. பெரஹரா ஊர்வலத்துக்குப் போகும் யானைகளைக் குளிப்பாட்டும் இடத்தில் யானையும் இல்லை, பாகனும் இல்லை. துறைப்படியில் நானா நின்றார். எங்களைக் கண்டதும் கையைத் தட்டி, "வளையம் தாண்டிட்டு! ஏறுங்க, எல்லாரும் ஏறுங்க!" என்று சத்தம் போட்டார். அந்தச் சத்தத்தில் பயத்தைவிடக் கல்யாண வீட்டுப் பரபரப்புத்தான் கூட இருந்தது.

எங்கள் தெரு அழகாகக் கிளம்பியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒருவரும் அழவில்லை, ஒருவரும் முட்டிமோதவில்லை. யார் வீட்டுக் கோழிக்கூட்டை யார் தூக்குவது, நடக்க முடியாத கிழவரைக் கதிரையோடு எந்த இரண்டு பேர் சுமப்பது என்பதெல்லாம் ஏற்கெனவே பேசிவைத்ததுபோல் நடந்தது. நானாவின் மனைவியை நாங்கள் ராத்தா என்போம். அவர் தலையில் துணிமூட்டையும் இடுப்பில் சின்னப் பிள்ளையுமாக முன்னால் நடந்துகொண்டே, யார் வந்துவிட்டார்கள், யார் வரவில்லை என்று திரும்பித் திரும்பிப் பார்த்து விசாரித்துக்கொண்டு போனார். புதிதாக வந்த எங்களையும் மறக்கவில்லை. "தெல்தோட்டைத் தங்கச்சி எங்க?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. அப்பா டவுனில் கடையில் இருந்தார். அம்மா வாசலில் எப்போதும் கட்டி வைத்திருக்கும் பையை ஒரு கையிலும் என்னை மறுகையிலும் பிடித்துக்கொண்டு கூட்டத்தோடு நடந்தாள்.

வளவுப் படிக்கட்டு வந்தது. எல்லோரும் ஏறத் தொடங்கினார்கள். அம்மா அடிப்படியில் நின்றுவிட்டாள்.

நான் கையை இழுத்தேன். அவள் மேலே பார்த்துக்கொண்டு நின்றாள். வளவுக்குப் பின்னால் மலை, மழையில் பாதி மறைந்து கறுப்பாக நின்றது. படியோரத்துக் கானில் சிவப்பாகத் தண்ணீர் ஓடிவந்தது.

"ஏறும்மா" என்றேன்.

"நா வரலை" என்றாள் அம்மா. என்னிடம் சொன்னதுபோல் இல்லை. பிறகு கொஞ்சம் சத்தமாக, "நா ஏற மாட்டேன். யாரும் ஏறாதீங்க. மலைக்கு அடியில போய் ஒக்காராதீங்க" என்றாள்.

மேல்படியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிலருக்குச் சிரிப்பு வந்தது. ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது, இந்தப் பெண் மலையைக் காட்டிப் பயப்படுகிறாள். நானா இறங்கிவந்து நல்லபடியாகத்தான் சொன்னார். "பயப்படாதீங்க தங்கச்சி. இது ராசா காலத்து ஊடு. எத்தன மழை கண்டிருக்கும். ஒன்டும் ஆகாது."

"எங்க லயமும் வெள்ளைக்காரன் காலத்துல கட்டினதுதாங்க நானா" என்றாள் அம்மா. "அதுவும் எத்தனையோ மழையக் கண்டுச்சு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை மாதம் கேட்டு வாங்கிய வெள்ளம், நாலு படி மேலே சிறுத்தை, இவள் நடுவில் நின்று தெருவே பார்க்க மானத்தை வாங்குகிறாள். நான் காலை உதைத்து அடம்பிடித்தேன். அம்மா என் மணிக்கட்டை விடவில்லை. அந்தப் பிடி வலித்தது. 

ராத்தா இறங்கி அம்மாவின் பக்கத்தில் வந்து நின்று, மெதுவாக, "ஏன் தங்கச்சி, என்னத்துக்கு இவ்வளவு பயம்?" என்று கேட்டார்.

அம்மா ராத்தாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "எங்கம்மாவும் தம்பியும் உள்ளதான் இருந்தாங்க. நா தண்ணிக்குப் போயிருந்தேன்."

அவ்வளவுதான் அவள் சொன்னது. நான் பக்கத்திலேயே நின்று கேட்டேன். உள்ளே இருந்தார்கள் என்றால் வீட்டுக்குள் இருந்திருக்கிறார்கள். மழை பெய்தால் எல்லோரும் வீட்டுக்குள்தானே இருப்பார்கள், இதில் சொல்ல என்ன இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது.

ராத்தா தலையிலிருந்த மூட்டையை இறக்கி நானாவின் கையில் கொடுத்தார். "ஸ்டேசனுக்குப் போவம்" என்றார்.

நானா மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.  ஆற்றுக்கும் மலைக்கும் நடுவே, தண்டவாளம் போட மண் நிரப்பிய மேட்டில் ஒரு சின்ன ஸ்டேசன் இருந்தது. தண்ணீரும் எட்டாது, மலையும் தள்ளி நிற்கும். ஆனால் தகரக் கூரையும் இரண்டு வாங்குகளும் தவிர அங்கே ஒன்றும் கிடையாது. சாரல் நேராக முகத்தில் அடிக்கும். அந்த இடத்துக்குத்தான், உலர்ந்த பெரிய வீடு கதவைத் திறந்து வைத்திருக்க, எங்கள் தெரு திரும்பியது. ராத்தா மேலே போய் வாசலில் நின்ற நோனாவிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். மேலே ஏறியவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். கிழவரைக் கதிரையோடு சுமந்தவர்களும் முனகிக்கொண்டே இறங்கினார்கள். கோழிக்கூடும் இறங்கியது.

பிளாட்போர்மில் நாங்கள் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். கோச்சி எதுவும் ஓடவில்லை. கொஞ்சநேரத்தில் வளவு நோனாவும் வந்தார். ஒரு கையில் குடை, மறுகையில் அந்தப் பெரிய கேத்தல், பின்னால் வேலைக்காரப் பெண் ஈரப்பலாக்காய்ச் சட்டியோடு. குடை காற்றில் மேல்நோக்கி மடிந்து அவர் ஒசரிச் சேலையெல்லாம் நனைந்திருந்தது. நேராக அம்மாவிடம் வந்து, "நங்கி, குடி" என்று பாதி சிங்களமும் பாதி தமிழுமாகச் சொல்லி, முதல் கோப்பையை அவளுக்குக் கொடுத்தார். அம்மா எழும்பப் பார்த்தாள். நோனா தோளை அழுத்தி உட்கார வைத்து, தானும் பக்கத்தில் வாங்கில் உட்கார்ந்தார். தங்கை என்று அவர் கூப்பிட்டதை அம்மா அதற்குப் பிறகு பலமுறை என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

பொழுது சாயும் நேரத்தில் அப்பா வந்தார். பாலத்தடியில் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்திருந்தார். தெருவில் ஆளில்லை என்றதும் வளவுக்கு ஏறியிருக்கிறார். அங்கே கதவு பூட்டு. அதற்குப் பிறகு எங்களைத் தேடி ஓடிவந்த அப்பாவின் முகத்தை நான் மறக்கவில்லை. பிளாட்போர்மில் வரிசையாக இருந்த எங்களைக் கண்டதும் நின்றார், மூச்சு வாங்கினார், பிறகு வழக்கமான குரலைத் தேடிப்பிடித்து, "என்ன, மலைக்காரி எல்லாரையும் கோச்சி ஏத்தப் பார்க்குறாளா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். அப்பா அவளருகே உட்கார்ந்து அவள் கையிலிருந்த கோப்பையை வாங்கி மிச்சத் தேத்தண்ணியைக் குடித்தார். 

மலை விழவில்லை. கீழே பொல்கொல்லையில் அணைக் கதவைத் திறந்தார்கள் என்றார்கள், மறுநாள் தண்ணீர் வடிந்தது. வெள்ளம் தார்க்கோட்டுக்கு எட்டவேயில்லை, என் இடுப்பளவோடு நின்றுவிட்டது. ஆனாலும் எங்கள் அம்மாதான் தெருவையே காப்பாற்றினாள் என்று நான் பள்ளிக்கூடத்தில் அளந்துவிட்டேன். இல்லாவிட்டால் அவ்வளவு பேர், அவ்வளவு பெரியவர்கள், அவள் சொல்லைக் கேட்டு எதற்காக இறங்குவார்கள்? மலை விழப்போகிறது என்று அவர்கள் நம்பியிருக்க வேண்டும். அப்படித்தான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

நான் பெரியவளான பிறகு ஒருமுறை அம்மா என்னைத் தான் பிறந்த தோட்டத்துக்குக் கூட்டிப்போய் ஒரு வெற்றுச் சரிவைக் காட்டினாள். முழுக்க மானாப்புல். "இங்கதான் எங்க லயம் இருந்துச்சு" என்றாள். மண் சரிந்த அன்று என் தாய்மாமாவுக்கு, வளவுப் படியில் அடம்பிடித்த என்னைவிடச் சின்ன வயது. காது குத்துக்கு மடி கொடுக்க வேண்டியவர். அன்று அந்தப் புல்லுக்கு முன்னால் நின்று அழுதது நான்தான், அம்மா இல்லை.

ஊருக்குத் திரும்பியதும் ராத்தாவிடம் போய்க் கேட்டேன், மலை விழும் என்று அன்றைக்கு நீங்களும் பயந்தீர்களா என்று.

"எங்களுக்கு அந்த மலையில ஒரு பயமும் இல்ல மகள்" என்றார் ராத்தா. "உங்கட உம்மா கீழ தனிய நிக்கக்குள்ள, நாங்க மேல போய் இருந்து எப்பிடி தேத்தண்ணி குடிக்கிற?"

இப்போதும் அந்தத் தெருவில் ஆறு பெருகினால் ஆட்கள் ஸ்டேசனுக்குத்தான் போகிறார்கள். வளவுக்கு யாரும் ஏறுவதில்லை. போன மழைக்கு நான் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தபோது, பிளாட்போர்மில் சாக்கு விரித்துக்கொண்டிருந்த ஒரு பொடியனிடம், ஏன் இங்கே வருகிறீர்கள் என்று தெரியாததுபோல் கேட்டேன். "அது ராசா காலத்துல இருந்தே அப்பிடித்தான் அன்ட்டி" என்றான். எங்கள் தெருவின் ஆகப் பழைய வழக்கத்தைத் தொடங்கிவைத்தவள் அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். 

தெரு பிறகு ஏறவேயில்லை என்பதால் சிறுத்தையை நான் பார்க்கவேயில்லை. அந்த ஏமாற்றம் அன்று பிளாட்போர்மில் எனக்கு அடங்கவில்லை. நோனாவின் மடியில் வளவின் பெரிய சாவி கிடந்தது. நான் அதையே முறைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் ஒருநாளும் எட்டாத வீடு, கதவைப் பூட்டிவிட்டு இந்தக் கிழவி இங்கே வந்து நனைந்துகொண்டு ஈரப்பலாக்காய் பிட்டுக்கொடுப்பானேன் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். கடைசியில் எனக்கு விளங்கிவிட்டது. தெருவெல்லாம் இறங்கிப் போனபிறகு, அந்தக் கண்ணாடிக் கண் சிறுத்தையோடு தனியாக இருக்கப் பயந்துதான் நோனாவும் ஓடிவந்துவிட்டார்.